பெஸ்தாரி ஜெயா பேனர் கடை: அச்சு சுத்தம், அளவுதான் இடிக்கிறது

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் (பழையவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கிறிஸ்தவச் சபைகள் பேனர் அடிக்கும் கடை இது. வேலை சுத்தம். ஓரம் மடித்து ஒட்டி, கயிறு கட்ட 2 அடிக்கு ஒரு வளையம் அடித்துத் தருகிறார்கள்.

கோளாறு மாதிரிகளில். 3க்கு 8 அடி பேனர் என்றால் இடப்பக்கம் முழு உயரத்துக்குப் போதகர் முகம். வலது மூலையில் உள்ளங்கை அளவு சிலுவை. அடியில், ‘அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்’. எழுத்து 1 அங்குலம். தள்ளி நின்றால் கண்ணைச் சுருக்க வேண்டும். சாலையில் போகிறவருக்குத் தெரிவது பெருகியவர் மட்டுமே.

கூட்டமெல்லாம் இயேசுவிடம் போகிறதே என்று தன் சீஷர்கள் முறையிட்டபோது யோவான் ஸ்நானகன் சொன்ன பதில் அது (யோவான் 3:30). கூட்டம் சேர்க்கும் பேனரில் அதையே போடுகிறோம்!

கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்டதை அடிக்கிறார். படம் போடுவதும் பாவமில்லை. ஆதியாகமம் 1:27 மனுஷரைத் தேவசாயல் என்கிறது. பால்மரம் சீவிய பாட்டியின் 80ஆம் பிறந்தநாள் நன்றி ஆராதனையில் அவர் முகம் இருக்கத்தான் வேண்டும். சாயல் அசலை மூலைக்குத் தள்ளினால்தான் அது தன்வழிபாடு. 2 தீமோத்தேயு 3:2இல் தற்பிரியர் முதலில், பணப்பிரியர் அடுத்துதான். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் ரோமர் விரிவுரைகளில் (1515–16) பாவியைத் ‘தன்னை நோக்கியே வளைந்தவன்’ என்றார். செல்ஃபி எடுப்பவரின் முதுகைப் பார்த்துச் சொன்னதுபோல் இருக்கிறது.

ஆர்டர் கொடுக்கும்போது முகம் 1 அடிக்குள், வசனம் இரண்டு வரியாக 4 அங்குல எழுத்தில் என்று எழுதியே கொடுங்கள். மாற்றித் தருகிறார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 1 அடிப் படத்துக்கு 1200 பிக்சல் தாராளம். மூன்றடி முகத்துக்கு 3600 வேண்டும், பல படங்கள் புள்ளி புள்ளியாக உடைவது அதனால்தான். தமிழ் எழுத்தும் அவர்கள் மென்பொருளில் உடைகிறது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வசனத்தைப் பிடிஎஃப்பாகக் கொடுத்து, அச்சுக்கு முன் காட்டும் ப்ரூஃபில் ‘பெ’, ‘வே’ இரண்டையும் பாருங்கள்.

வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும்; சில மாதத்தில் முகம் நீலம் பாரித்துவிடும். சாலையோரம் கட்டுவதாக இருந்தால் ஊராட்சி மன்ற அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் கடை பார்த்துக்கொள்ளாது.