பாடகர் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள்

உலகமறிந்த ஒரு பாடகரின் மேடைக் கச்சேரிக்குப் போய், கொடுத்த காசுக்குப் பாதிகூடக் கிடைக்காமல் நொந்துபோய்த் திரும்பியிருக்கிறேன். அவர் யார் என்று சொல்லப்போவதில்லை. அவர் ஒருவரோடு முடிகிற விஷயம் இல்லை இது. இதே மாதிரி ஏற்பாட்டில், இதே நிபந்தனைகளோடு, வேறு பல பெரிய பெயர்களுக்கும் டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். எடுக்கப்போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

முதலில் நேரம். டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு மேடையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம். ஏன் தாமதம், எப்போது தொடங்கும் என்று ஒரு அறிவிப்பு கிடையாது. குழந்தைகளோடு வந்தவர்கள், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிலர் நாலைந்து பாட்டோடு எழுந்து போனார்கள். அவர்கள் கொடுத்ததும் முழுக் காசுதான். 2023 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் மடோனாவின் கச்சேரி இரவு 8.30 மணிக்கு என்று அறிவித்து, 10.30 மணிக்கு மேல்தான் தொடங்கியது என்று இரண்டு ரசிகர்கள் வழக்கே போட்டார்கள். பிறகு அவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. மறுநாள் வேலைக்குப் போகிற மனுஷனுக்கு நேரமும் காசுதான். டிக்கெட்டில் இருப்பது கதவு திறக்கும் நேரமா, நிகழ்ச்சி தொடங்கும் நேரமா, முதன்மைக் கலைஞர் மேடையேறும் நேரமா என்று பாருங்கள். பல டிக்கெட்டுகளில் இது தெளிவாக இருப்பதில்லை.

அடுத்து இடம். டிக்கெட் எடுக்கும்போது காட்டிய வரைபடத்தில் என் இருக்கை மேடைக்குப் பக்கவாட்டில், நல்ல உயரத்தில் இருந்தது. போய் உட்கார்ந்தால், எனக்கும் மேடைக்கும் நடுவில் ஸ்பீக்கர் அடுக்கைத் தாங்கும் இரும்புச் சட்டம் நிற்கிறது. பாடகர் மேடையின் ஒரு ஓரத்துக்கு வந்தால்தான் அவர் தலை தெரியும். பார்வை மறைக்கும் இடம் என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. விலையிலும் குறைக்கவில்லை. அந்தச் சட்டம் எங்கே நிற்கும் என்பது மேடையை வடிவமைக்கும்போதே தெரிகிற விஷயம். தெரிந்தே விற்றார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்கத்தானே போனோம்? கேட்கவும் முடியவில்லை என்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல்.

பெரிய மைதானங்களில் ஒலி எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் எந்த இருக்கைக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று புரியும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், கண்ணில் படுவதற்கும் காதில் விழுவதற்கும் நடுவில் கிட்டத்தட்ட நொடியில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி வந்துவிடும். தூரம் போகப் போக ஒலி தேய்ந்துபோகும் என்பதால்தான் நடுவில் ஸ்பீக்கர் கோபுரங்கள் வைத்து, முன் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியோடு சேருகிற மாதிரி அளந்து தாமதப்படுத்தி அனுப்புவார்கள். அந்த அளவு பிசகினால் எல்லாம் இரட்டையாகக் கேட்கும். எனக்கு அதுதான் நடந்தது. திரையில் டிரம்மர் குச்சியை இறக்குகிறார், அடி தாமதமாக வந்து விழுகிறது, அது முடிவதற்குள் எதிர்ச் சுவரில் பட்டு இன்னொரு அடி. மெதுவான பாட்டிலேயே தாளம் பிடிபடவில்லை. வேகமான பாட்டு வெறும் இரைச்சலாகிவிட்டது.

இன்னொன்று: கீழ்ச்சுருதி ஒலி எல்லாப் பக்கமும் பரவும். மேல்சுருதி ஒலி ஸ்பீக்கர் பார்க்கிற திசையில்தான் போகும். வார்த்தையை வார்த்தையாகக் கேட்க வைப்பது அந்த மேல்சுருதிப் பகுதிதான். அதனால் ஸ்பீக்கர் அடுக்கின் பார்வைக்கு வெளியே, பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சில் வந்து மோதுகிற பேஸ் இருக்கும், பாட்டு வரி இருக்காது. எனக்கு மனப்பாடமான பாட்டையே, இரண்டாவது வரி வந்த பிறகுதான் எதுவென்று கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் ஒவ்வொரு பாட்டுக்கும் "இது எது?" என்று மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மகளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் வாரக்கணக்கில் இந்த நாளுக்காகக் காத்திருந்தவர்கள்.

1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000 பேருக்கு மேல் கூடினார்கள். அன்றைக்கு இருந்த கருவிகள் கூட்டத்தின் கூச்சலுக்கு முன் எடுபடவில்லை. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே சரியாகக் கேட்காத நிலை. அடுத்த ஆண்டே அவர்கள் கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டார்கள். அது அந்தக் காலம், வழியில்லை. இன்றைக்கு ஒவ்வொரு இருக்கைக்கும் ஒலி எவ்வளவு போகும் என்று கணினியில் முன்கூட்டியே பார்த்துவிட முடியும். ஒலி போய்ச் சேராது என்று தெரிகிற இருக்கையை விற்காமல் விடலாம், அல்லது அதற்கென்று கூடுதலாக ஒரு ஸ்பீக்கர் தொங்கவிடலாம். இரண்டையும் செய்யாமல் இருக்க ஒரே காரணம்தான், காசு.

சரி, இப்போது குரலுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பாட்டுக்கு நடுவில் அவர் கூட்டத்தோடு பேசினார். குரல் கரகரத்துப்போயிருந்தது. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இரண்டு முறை செருமினார், தண்ணீர் குடித்தார். உடனே அடுத்த பாட்டு தொடங்கியது. உச்சஸ்தாயியில் ஒரு நீண்ட கார்வை. ஒரு பிசிறு இல்லை. மூச்சு வாங்கும் ஒலிகூட இல்லை. நான் எத்தனையோ முறை கேட்ட பதிவின் அதே குரல், அதே நெளிவு, அதே இடத்தில் அதே சின்னச் சிரிப்பு. நடுவில் அவர் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார். அவர் குரல் அப்போதும் ஒரு இம்மியும் குறையாமல் ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருந்தது.

இதைச் சொன்னால் உடனே ஒரு சமாதானம் வரும்: "பெரிய திரையில் உதடும் பாட்டும் ஒட்டாமல் இருப்பது சகஜம்." உண்மைதான். கேமராவிலிருந்து திரைக்குப் படம் வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், தூரத்தால் ஒலியும் தாமதமாகும். உதடு ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவர்மேல் பழி போடாதீர்கள். மைக் நகரும்போது குரல் நகர்கிறதா, பேச்சுக் குரலும் பாட்டுக் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறதா, ஆடிக்கொண்டே பாடும்போது மூச்சு இரைக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் பொய் சொல்லாது.

ட்ராக், அதாவது முன்பே பதிவு செய்த ஒலியை, ஓடவிடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கோரஸுக்கும், மேடையில் கொண்டுவர முடியாத வயலின் கூட்டத்துக்கும், ஒளியமைப்போடு தாளம் சேருவதற்கும் பதிவைப் பயன்படுத்துவது இன்று வழக்கம். அதில் எனக்குக் கோபம் இல்லை. முதன்மைக் குரலையே பதிவிலிருந்து ஓடவிட்டு, 'லைவ்' என்று போட்டு விற்பதுதான் ஏமாற்று. மில்லி வனிலி என்ற இரண்டு பேர் பாப் குழுவை நினைத்துப் பாருங்கள். 1989-இல் அமெரிக்காவில் ஒரு மேடையில் பதிவு சிக்கி, ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. ஆல்பத்தில் பாடியதே அவர்கள் இல்லை என்பது அப்புறம் வெளியே வந்தது. 1990-இல் வாங்கிய கிராமி விருதை அதே ஆண்டு நவம்பரில் பறித்தார்கள். ஆல்பம் வாங்கியவர்களுக்கு நீதிமன்றம் வழியாகக் கொஞ்சம் பணமும் திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு அது உலகத்தையே உலுக்கிய செய்தி. இன்றைக்கு அதே வேலையைப் பாதிப் பாட்டுக்குச் செய்தாலும், "நிகழ்ச்சியின் ஒரு பகுதி" என்று சொல்லிவிடுகிறார்கள்.

எதை ஏமாற்று என்று சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோபத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டை வேறு மாதிரி வாசிப்பது ஏமாற்று இல்லை. முன்பு சாதாரணக் கிட்டாரோடு நாட்டுப்புறப் பாணியில் பாடிய பாப் டிலன் மின்கிட்டாரோடு வந்ததற்காக, 1966-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு ரசிகர் "யூதாஸ்" (துரோகி) என்று கத்தினார். இன்றைக்கு அந்தப் பயணத்தின் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். வயதான பாடகர் சுருதியை இறக்கிப் பாடுவதும் ஏமாற்று இல்லை. எட்டாத ஸ்வரத்தை விட்டுவிட்டு, எட்டுகிற இடத்தில் நின்று பாடுகிறவரை நான் மனசாரக் கைதட்டிக் கேட்பேன். நான் போன கச்சேரியின் பாடகரும் அன்று கரகரத்த குரலிலேயே பாடியிருந்தால், இதை எழுதவே இடம் இருந்திருக்காது.

உடம்பு முடியாதவரை மேடையேற்றுவது இன்னும் கொடுமை. 2011 ஜூனில் செர்பியாவின் பெல்கிரேடில் பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் மேடையில் தடுமாறினார், வரிகள் மறந்துபோயின, கூட்டம் கூச்சலிட்டது. பயணத்தின் மிச்சக் கச்சேரிகளை ரத்து செய்தார்கள். அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு 27 வயது. அந்தக் காணொளியை என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. டிக்கெட் விற்றுவிட்டோம் என்பதற்காக ஒரு மனுஷியை அந்த நிலையில் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தக் கூடாது.

நான் போன கச்சேரியில், மொத்த நேரத்தில் அவர் மேடையில் இருந்தது பாதிக்குச் சற்று மேல்தான். மற்ற நேரமெல்லாம் நடனக் குழு, அறிமுகப் பாடகர்கள், விளம்பரதாரருக்கு நன்றி. பெரிய பாட்டுகளில் பலவற்றை முதல் நாலு வரியோடு வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி முடித்துவிட்டார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டால் என்ன ஆகும்? டிக்கெட் விற்ற தளம் ஏற்பாட்டாளரைக் கேள் என்றது. ஏற்பாட்டாளர் அரங்கத்தைக் கைகாட்டினார். அரங்கம் தளத்திடமே போகச் சொன்னது. மூன்று பேரும் கையை விரித்துவிட்டார்கள். நிபந்தனைகளை வரி வரியாகப் படித்தால், நிகழ்ச்சி ரத்தானால்தான் பணம் திரும்பும் என்று இருக்கிறது. நடந்த நிகழ்ச்சி எப்படி நடந்தது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. கூட்டமாகக் குரல் எழும்பினால்தான் அசைகிறார்கள். 2023 செப்டம்பரில் சென்னைக்கு வெளியே நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில், டிக்கெட் இருந்தும் பலரால் உள்ளேயே போக முடியவில்லை. பெரிய கொந்தளிப்பு எழுந்தது, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே அறிவித்தார். தனியாக ஒருவர் எழுதுகிற புகாருக்கு அந்த மரியாதை கிடைக்காது.

விலையிலும் ஜாக்கிரதை. 2024 ஆகஸ்டில் பிரிட்டனின் ஓயாசிஸ் இசைக்குழு மறுபடியும் சேர்ந்தபோது, சுமார் 150 பவுண்ட் என்று நினைத்து மணிக்கணக்கில் இணைய வரிசையில் நின்றவர்களுக்கு, அவர்கள் முறை வந்தபோது 350 பவுண்டுக்கு மேல் விலை காட்டியது. யோசிக்கக்கூட நேரம் இல்லை, எடுத்தால் எடு, இல்லாவிட்டால் போ என்கிற நிலை. பிரிட்டனில் அரசு அமைப்பே விசாரணையில் இறங்கியது. அந்தப் பதற்றத்தில்தான் பார்வை மறைக்கும் இருக்கையும் தலையில் கட்டப்படுகிறது. எவ்வளவு வரைக்கும் கொடுப்பீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், அதைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன், அதே கச்சேரிப் பயணத்தின் முந்தைய ஊர்களில் ரசிகர்கள் போனில் எடுத்த காணொளிகளைத் தேடிப் பாருங்கள். ஏற்பாட்டாளர் வெளியிடும் பளபள வீடியோ வேண்டாம், அதில் ஒலியைத் தனியாகச் சரிசெய்திருப்பார்கள். கை நடுங்க எடுத்த போன் வீடியோவில் குரல் நிஜமா, எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை பாட்டு பாடினார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இருக்கை எடுப்பதானால் கூட்டத்துக்கு நடுவில் ஒலிப்பொறியாளர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளக்கிறார், அதனால் ஒலி நன்றாக இருக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் வேண்டவே வேண்டாம். கச்சேரி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது, எல்லா இடத்திலும் அதை மதிப்பதில்லை. காதடைப்பான் ஒரு ஜோடி கையில் இருக்கட்டும், குழந்தைகளோடு போனால் கட்டாயம்.

மோசமாக அமைந்துவிட்டால் வீட்டுக்கு வந்து புலம்புவதற்கு முன்பே ஆதாரம் சேருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து மேடை எப்படித் தெரிகிறது என்று ஒரு படம், இருக்கை எண்ணோடு. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று தெரிகிற மாதிரி ஒரு சின்ன வீடியோ. வாங்கும்போது காட்டிய இருக்கை வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் ரொம்ப நல்லது, பிறகு அதை எடுத்துவிடுவார்கள். அன்றிரவே புகாரை எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் ஆட்சேபம் பதிவு செய்யலாம். அதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

டிக்கெட் தளம் என் புகாரை "நிகழ்ச்சி நடந்து முடிந்தது" என்று ஒரே வரியில் மூடிவிட்டது. பார்வை மறைக்கும் இருக்கையைச் சொல்லாமல் விற்றார்கள் என்று வங்கியில் கொடுத்த ஆட்சேபம் மட்டும் இன்னும் விசாரணையில் இருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும் இதே பதிவில் சேர்த்து எழுதுகிறேன்.