சியுஎஃப் 101 குதிரை மசால்: வெப்பப் பகுதிக்கு ஏற்ற இரகம்

கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு போன்ற வெப்பப் பகுதிகளில் உலர்தீவனத்துக்காகக் குதிரை மசால் பயிரிடுவோருக்கு, 1970களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த இந்த இரகத்தின் பெரும் பலம், நீல அசுவினி, பட்டாணி அசுவினி, புள்ளி அசுவினி ஆகிய மூன்று சாறுறிஞ்சும் பூச்சிகளையும் தாங்கி நிற்பதே. நீல அசுவினி சாற்றை உறிஞ்சும்போது செலுத்தும் நச்சால் கணுவிடை குறுகி, இலை சிறுத்து, இளவேனில் அறுப்பே குட்டையாகிவிடும். நாற்றுகளின் மேல் பூச்சியை விட்டுப் பிழைத்தவற்றை மட்டும் தங்களுக்குள் கலப்பதைத் தலைமுறைதோறும் தொடர்ந்தே இத்தகைய எதிர்ப்புத்திறனைத் திரட்டுகிறார்கள். ஆயினும் குதிரை மசாலில் பாதிக்கு மேற்பட்ட செடிகள் தாங்கினாலே ‘உயர் எதிர்ப்பு’ என்று தரமிடுவதால், வயல் முழுவதும் தப்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குளிர்காலத்திலும் உறங்காமல் வளர்வதால் அறுப்புகள் கூடும், ஆனால் மொட்டுப் பருவம் தாண்டினால் தண்டு தடித்துத் தீவனத்தின் தரம் இறங்கிவிடும். பாக்டீரிய வாடல் நோய் உள்ள கடுங்குளிர் மாநிலங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.