4 டெராபைட் டிஸ்கை 1678 ஜிபி என்று சொன்ன பெட்டி

இரண்டு டெராபைட்டுக்கு உட்பட்ட பழைய டிஸ்குகளுக்கு, டிஸ்கைச் செருகிக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இந்த டாக் பெட்டியை வாங்கலாம். அதற்கு மேல் வேண்டாம். அவசரமாக இருப்பவர்கள் இத்துடன் போய்விடலாம்.

மேலூரில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வைகாசி முகூர்த்தங்கள் முடியும்போது நாற்பது வீட்டு வீடியோ கையில் தங்கிவிடும். பாதிப் பேர் மீதிப் பணம் தரமாட்டார்கள். ஆனால் அழித்துவிட்டேன் என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதற்காகவே 4 டெராபைட் டிஸ்க் ஒன்றும், அதை வெளியிலிருந்து யூஎஸ்பியில் இணைக்க இந்த டாக்கும் மதுரையில் டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கினேன். டாக் மட்டும் 1,150 ரூபாய். அட்டையில் ‘எல்லா அளவு டிஸ்குக்கும் ஏற்றது’ என்று அச்சடித்திருந்தது. கடைப் பெயரும் கம்பெனிப் பெயரும் இங்கே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து செருகினால் விண்டோஸ் 1678.02 ஜிபி என்கிறது. பாதிக்கும் குறைவு! மறுநாளே பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். டிஸ்கில்தான் கோளாறு, அதை விற்றவரிடம் கேளுங்கள் என்றார்கள். விற்றவர்களே அவர்கள்தான் என்று பில்லைக் காட்டிய பிறகு, என் கம்ப்யூட்டர் பழசு என்றார்கள்.

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுடைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அதில் செருகிப் பார்த்தோம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் பதிவில் 351,90,69,872 செக்டார் (டிஸ்கைப் பிரித்து எண்ணும் சிறு துண்டு) என்று எழுதியிருந்தது. “மாமா, இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே பொய்யைச் சொல்லாது. பொய் பெட்டியில் இருக்கிறது” என்றான். பிறகு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். டிஸ்கில் இருப்பவை 512 பைட் அளவுள்ள 781,40,37,168 செக்டார்கள். 32 பிட்டில், அதாவது பூஜ்யமும் ஒன்றுமாக எழுதும் 32 இலக்கங்களில், எண்ணக்கூடியது 429,49,67,296 வரைதான். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கெர்னல் எழுதியிருந்த அதே எண், கடைசி இலக்கம் வரைக்கும்.

என் அப்பாவின் பழைய மொபெட்டில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இந்தப் பெட்டியும் அப்படித்தான் ஒரு சுற்றுச் சுற்றி மிச்சத்தை மட்டும் சொல்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது அதில் இல்லை. கம்ப்யூட்டர் முதலில் சிறிய கட்டளையில் ‘கடைசி செக்டார் எது’ என்று கேட்கிறது; அதற்கான பதிலில் 32 பிட்டுக்குத்தான் இடம். டிஸ்க் அதைவிடப் பெரியதென்றால் அந்த 32 பிட்டையும் ஒன்றுகளாலேயே நிரப்பிப் பதில் சொல்ல வேண்டும் என்பது முறை. அதைப் பார்த்ததும் கெர்னல், பெரிய கட்டளையில் 64 பிட்டுக்கு இடம் வைத்து மறுபடியும் கேட்கும். கையை விரிப்பதற்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதைக்கூடச் செய்யாமல் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறது இது.

கெர்னல்களுக்கும் ஒரு காலத்தில் இதே எல்லை இருந்ததாம். 32 பிட் லினக்ஸ் 2.4 பதிப்பு வரை இரண்டு டெராபைட்டைத் தாண்டவில்லை, 2.6-இல் விரும்பினால் பெரிய எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாகி, 2019-இல் வந்த 5.2-இல் அந்த விருப்பத்தையே எடுத்துவிட்டு எப்போதும் 64 பிட் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே என் கம்ப்யூட்டரைப் பழசு என்று சொன்னவர் கொஞ்சம் விவரம் தெரிந்தவராகவும் இருக்கலாம். ஆனால் அதில் ஓடுவது 64 பிட் விண்டோஸ்.

டாக்கை ஒதுக்கிவிட்டு கேபினட்டைத் திறந்து, போர்டிலேயே நேரடியாக டிஸ்கை மாட்டினோம். 3726.02 ஜிபி! விண்டோஸ் கணக்கில் முழு 4 டெராபைட் அதுதான். ஆனால் டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே என்று அட்டவணை எழுதும்போது அவசரத்தில் பழைய எம்பிஆர் முறையில் பிரித்துவிட்டேன். 2048 ஜிபி மட்டும் கிடைத்து, மீதி ஒதுக்கப்படாத இடமாக நின்றது. எவ்வளவு தெரியுமா? 1678.02. அதே சனியன். எம்பிஆர் அட்டவணையும் செக்டார் எண்ணை 32 பிட்டில்தான் எழுதி வைக்கிறது. ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறைக்கு மாற்றிய பிறகுதான் முழு இடமும் வந்தது.

மற்றபடி டாக் மோசமில்லை. பழைய 1 டிபி டிஸ்குகள் ஆறையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. யூஎஸ்பி 2 என்பதால் நொடிக்கு 30 எம்பிதான். 64 ஜிபி கார்டு நிறையப் படம் வந்தால் காலி செய்ய அரை மணிக்கு மேல். அடாப்டர் சுடுகிறது. நீல விளக்கு இரவில் கண்ணைக் குத்துகிறது, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வேறிடத்தில் படம் நிரப்பிய பெரிய டிஸ்கை இதில் செருகினால், காலி டிஸ்க் என்று நினைத்து ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கலாம். ஆம் என்று அழுத்திவிட்டால் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். வேறு டாக் வாங்கப் போகிறவர்கள் டிஸ்கைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே செருகச் சொல்லுங்கள். 3 டிபி டிஸ்கை 746 என்று காட்டினாலும், 4 டிபியை 1678 என்று காட்டினாலும், காசை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.