கேத்தி டீக்கடையும் ராஜாவின் இந்திப் பாட்டும்

நீலகிரி மலையில், ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேத்தி ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன டீக்கடை, டீ நல்ல ஸ்ட்ராங், வர்க்கி மொறுமொறுவென்று இருக்கும், ஆனால் நான் சொல்ல வந்தது அங்கே ஓடும் பாட்டைப் பற்றி. கடைக்கார அண்ணன் இளையராஜாவின் இந்திப் பாட்டுகளாகவே போடுகிறார். இந்த மலையில் எடுத்த 'மூன்றாம் பிறை' 1983இல் 'சத்மா'வாக இந்திக்குப் போனது, அதிலிருந்து தொடங்கி 'சீனி கம்', 'பா' வரைக்கும். தெலுங்கில் 'சாகர சங்கமம்' படத்துக்குத் தேசிய விருதே வாங்கியவருக்கு இந்தியில் ஏன் வரிசையாகப் படங்கள் அமையவில்லை? மெட்டில் குறையே இல்லை. 'சீனி கம்', 'பா' எடுத்த பால்கி மாதிரி அவரை நம்பிக் கேட்கும் இயக்குநர்கள் இன்னும் சிலர் வந்தால் இப்போதும் அங்கே ஜெயிப்பார், சத்தியமாக. கடைக்கு மழை நாளில் போனால் உட்கார இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.