"மூன்று மாதத்தில் சொப்ட்வெயார் எஞ்சினியர்": காசு கட்ட முன்னம் மணித்தியாலத்தை எண்ணுங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் நிற்கிற காலத்தில் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் மதிலெல்லாம் இந்த நோட்டீஸ்தான். அப்படி ஒரு கோர்சில் அகப்பட்ட பிள்ளைகளின் கொப்பியையும் லப்டொப்பையும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறோம். இடத்தின் பெயர் வேண்டாம். நாளைக்கு வேறு பெயர்ப்பலகை தொங்கும், கணக்கு இதேதான்.

கட்டணம் 45,000 ரூபா, மூன்று தவணை என்றார்கள். பிறகு "முழுக்கக் கட்டினால் 5,000 கழிவு" என்று சொல்லி முதல் வகுப்புக்கு முன்னமே 40,000ஐ வாங்கியாயிற்று. பற்றுச்சீட்டில் "திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஒரு வரி. என்ன பாடம், எத்தனை மணித்தியாலம், யார் படிப்பிப்பது, ஒன்றும் இல்லை.

வகுப்பு சனி, ஞாயிறு இரண்டிரண்டு மணித்தியாலம், 12 கிழமை. மொத்தம் 48 மணித்தியாலம். நோட்டீசில் எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி., மைஎஸ்கியூஎல், ஜாவா, பைதன் என்று ஏழு பாடம். பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஏழு மணித்தியாலம்கூட வராது. நல்லூர்த் தேருக்கு லீவு, சேர் வராத நாள், இன்ஸ்ரோல் பண்ணவே போன நாள் எல்லாம் கழித்தால் ஐந்து மிஞ்சும். ஜாவாஸ்கிரிப்டை 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார் என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னார்களாம். உண்மைதான். அதற்கு முன்னம் அவர் சிலிக்கன் கிராபிக்ஸ் என்ற கணினிக் கம்பனியில் ஏழு வருசம் வேலை செய்த கதையை விட்டுவிட்டார்கள்.

கடைசி மாதத்தில் ஒரு பிள்ளையிடம் கேட்டது இவ்வளவுதான்: பைதனில் இரண்டு எண்ணை வாங்கிக் கூட்டிக் காட்டு. 5, 7 என்று அடித்தால் திரையில் 57. இப்போதைய பைதனில் இன்புட் என்கிற கட்டளை எதைக் கொடுத்தாலும் எழுத்தாகத்தான் தரும். இன்ட் என்கிற கட்டளை போட்டு எண்ணாக மாற்றாவிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பிழை எல்லாருக்கும் வருவது, அதில் வெட்கமில்லை. பிள்ளைக்கு அதைத் தேடத் தெரியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். டைப் போட்டு என்ன வகையென்று பார்க்கலாம், இடையில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்க்கலாம், சிவப்பில் வருகிற பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து வாசிக்கலாம் என்று ஒருவரும் காட்டவில்லை. சேர் போர்ட்டில் எழுதியதை அடித்தார்கள், ஓடியது, அடுத்த பாடம். ஓடாத கோட்டோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில்தான் மொழி கைக்கு வரும். அதற்கு அந்த 48இல் இடமே ஒதுக்கவில்லை.

கொப்பியைப் புரட்டினால் இன்னொன்று. பிரிண்டுக்குப் பின்னால் அடைப்புக்குறியே இல்லை. அது பைதன் 2, 2020 ஜனவரி 1உடன் கைவிடப்பட்டது. அந்த வரி பைதன் 3இல் ஓடாது. சி மொழி வகுப்பில் டர்போ சி என்ற நீலத் திரை மென்பொருளைத் திறந்தாலும் இதே கதை, அது முப்பது வருசப் பழைய சாமான்.

"புரொஜெக்ட்" என்று கொடுத்தது மாணவர் பதிவு முறைமை. வகுப்பில் எல்லாரிடமும் ஒரே கோட், டேட்டாபேஸ் பெயர்கூட ஒன்று. கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கருவி கிட், அப்படிப் பதிந்ததை ஏற்றி வைக்கிற தளம் கிட்ஹப். அதில் முழுவதும் ஒரே நாளில் ஒரே கொமிட்டாக, அதாவது ஒரே பதிவாக ஏறியிருக்கிறது. நேர்முகத்தில் அதைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ஒரு நிமிசம் போதும். "இதில் தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு புலம் சேர்" என்று சொன்னால் சேர்ட்டிபிக்கட் உதவாது.

எங்கள் அனுபவத்தில், ஒரே மொழியை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தானே அடித்துப் பழகினால் அடிப்படை பிடிபட இரண்டு மாதம். வெற்றுத் திரையிலிருந்து சின்னப் புரோகிராம் எழுத ஐந்தாறு மாதம். டேட்டாபேஸ், கிட், மற்றவர் எழுதிய கோட்டை வாசித்துத் திருத்துவது எல்லாம் சேர்ந்து சம்பளத்துக்கு வேலை செய்ய ஒன்றரை வருசம் என்று வையுங்கள். இரண்டாவது மொழிக்குச் சில கிழமைதான், முதலாவதுதான் ஆளைத் தின்னும்.

சேர முன்னம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். நிறுவனம் பதிவானால் எல்லாக் கோர்சும் தரச் சான்று பெற்றது என்று அர்த்தமில்லை. நீங்கள் சேரப்போகிற கோர்சுக்கு உண்டா, என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் மட்டம் என்று தனியாகக் கேட்க வேண்டும். பாடத்திட்டத்தை மணித்தியாலத்தோடு எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பைப் பின்வரிசை வாங்கிலிருந்து பார்க்க விடச் சொல்லுங்கள். சேர் பிழை விட்டுத் திருத்துகிறாரா, கொப்பி பண்ணி ஒட்டுகிறாரா என்று தெரியும். காசில்லாமல் தொடங்க மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச ஒன்லைன் கோர்சில் பைதன் இருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கப் பயப்பட வேண்டாம், வேலையும் ஆங்கிலத்தில்தான்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் நோட்டீஸ், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977க்கு அடித்து விபரம் கேட்டு, முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். அதற்கு மூன்று மாதக் கெடு இருக்கிறது. கோர்சும் மூன்று மாதம்தான், முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.