1939 வெள்ளி ரூபாய் என்று யாராவது நீட்டினால் உஷார்! 48,000 ரூபாய் போச்சு

நெல்லை டவுனில் பழைய வெள்ளி, பழைய காசு வாங்கி விற்கும் ஒரு கடையில் 48,000 ரூபாயைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். கடைப் பெயரைப் போடாதே என்று வீட்டில் சொல்கிறார்கள். சரி, போடவில்லை.

ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 ரூபாய் என்றால் காசு சேர்ப்பவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். 91.7 சதவீத வெள்ளியோடு வந்த கடைசி வருடம் அது. 1940-லிருந்து வெள்ளி பாதியாகிவிட்டது. கண்ணில் படுவதே அபூர்வம், ஏலத்தில் லட்சக்கணக்கில் போகும்.

"உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. தராசில் போட்டார், 11.6 கிராம் சொச்சம், சரியான எடை. கண்ணாடி மேல் சுண்டிவிட்டார், கணீரென்றது. "பாளையங்கோட்டையில ஒரு பழைய வீட்டுக் காசு. அவங்களுக்குப் பண அவசரம், இல்லன்னா இந்த விலைக்கு வருமா?" பையனை அனுப்பி டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அந்த டீயின் விலைதான் 48,000. பில் கேட்டதற்கு, "பழைய காசுக்கு எவன் பில் போடுதான்?" என்று சிரித்துவிட்டு, துண்டுச் சீட்டில் '1939 வெள்ளி காசு 1' என்று கிறுக்கிக் கொடுத்தார்.

தூத்துக்குடி நண்பர் ஒருவர் லென்ஸில் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு 9-ஐயும் பாரும்" என்றார். முதல் 9 கொழுகொழுவென்று இருக்கிறது, கடைசி 9-ன் வால் மட்டும் மெலிந்து கிடக்கிறது. அதன் இடப்பக்கம் பொடிப்பொடியாக அரம் ஓடிய கீறல். காசு முழுக்கப் பழைய கறுப்பு, அந்த இடம் மட்டும் பளபளவென்று வெளுத்திருக்கிறது. 1938 ரூபாயை எடுத்து, 8-ன் கீழ் வளையத்தில் ஒரு பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கியிருக்கிறார்கள். காசு அசல், வருடம்தான் போலி. அப்புறம் காந்தமும் தராசும் என்ன கண்டுபிடிக்கும்?

திரும்பப் போனால் அதே வாய், "வெள்ளிதான அண்ணாச்சி, தகரமா கொடுத்தோம்?" என்கிறது. அடுத்த தடவை முதலாளி கோயிலுக்குப் போயிருக்கிறாராம். போன் அடித்தால் எடுப்பதில்லை. கடைசியில், "நாங்க கொடுத்தது இது இல்ல, நீங்க மாத்திட்டீங்க. பாவம்னு வேணும்னா வெள்ளி விலைக்கு எடுத்துக்கிடுதோம்" என்றார்கள். 48,000-க்கு விற்ற காசை, அதே தராசில் வைத்து, வெள்ளி விலைக்கு!

விவரமாக யோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. 1939 என்றால் கடைசி எண்ணை லென்ஸில் பாருங்கள். பில் தராதவரிடம் வாங்காதீர்கள். அனுமார் போட்ட 1818 கம்பெனிக் காசு என்றால் நடையைக் கட்டுங்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அந்தக் கடைப் பெட்டியிலும் நாலைந்து கிடக்கிறது. உங்கள் பழைய காசை லட்சத்துக்கு எடுக்கிறோம், ரிசர்வ் வங்கிக்குக் கமிஷன் கட்டுங்கள் என்று போன் வந்தால் அதுவும் டுபாக்கூர்தான். ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு 48,000 ரூபாய்க்கு வழக்கு நிற்குமா? வக்கீல்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.