ஒற்றைக் கொடி காய்க்குமா? கொடித்தோடை, டிராகன், பப்பாசி: கன்று வாங்குமுன் ஓர் ஒப்பீடு

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணல் வளவுகளில் கொடித்தோடைப் பந்தல் பூத்துக் கொட்டும், காய் தங்காது. உரம் போதவில்லை என்று யூரியா போடுவார்கள். கொடி இன்னும் தழைக்கும், பூ இன்னும் கொட்டும். குறை மண்ணில் இல்லை. அந்தக் கொடிக்குத் தன் மகரந்தம் ஆகாது. இதைத் தன்மலடு என்பார்கள்.

இதைத் தீர்மானிப்பது எஸ் என்ற ஒரு பரம்பரையலகுத் தொகுதி. அதற்குப் பல எதிருருக்கள், அதாவது ஒரே அலகின் மாற்று வடிவங்கள், உண்டு. அப்பிள், செரி போன்ற மரங்களில் இந்தக் கணக்கு தெளிவாகத் தெரியும். மரம் எஸ்1எஸ்2 என்றால் அதன் மகரந்தமணி ஒவ்வொன்றும் எஸ்1 அல்லது எஸ்2 ஐச் சுமக்கும். பூவின் தம்பத்தில், அதாவது குறியைத் தாங்கும் காம்பில், அந்த இரண்டும் இருக்கும். தன்னுடைய எதிருருவைச் சுமந்து வரும் மகரந்தக்குழாயை (மகரந்தமணியிலிருந்து சூலை நோக்கி வளரும் குழாயை)த் தம்பத்திலுள்ள நொதியம் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். எஸ்1எஸ்3 மரத்து மகரந்தம் வந்தால் பாதி தேறும், எஸ்3எஸ்4 வந்தால் முழுதும் தேறும். 1968ல் கனடாவில் வெளிவந்த ஸ்டெல்லா என்ற செரி தனியாகவே காய்க்கிறது. எக்ஸ் கதிர் பட்ட மகரந்தத்தில் இந்த எஸ் அடையாளம் சிதைந்த ஒரு மரவழியை வைத்து அதை உருவாக்கினார்கள்.

வளவுக்குள் வரும்போது மறக்கக்கூடாதது ஒன்று. ஒரே தாயிலிருந்து வெட்டிய தண்டில் பத்துக் கன்று வளர்த்தாலும் பரம்பரையலகுக் கணக்கில் அது ஒரே கன்றுதான். ‘நாலு கொடி நட்டிருக்கிறேனே’ என்பவருடைய நாலும் ஒன்றாக இருப்பதே பெரும்பாலான தோல்விக்குக் காரணம்.

கொடித்தோடை: மஞ்சளா, ஊதாவா

ஊதாத் தோல் இனம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் அது குளிர்ந்த மலைப்பாங்குக்கு உரியது. திருகோணமலை வெப்பத்தில் சரியாகக் காய்க்காது, வாடல் நோய்க்கும் இலகுவில் அகப்படும். இங்கே மஞ்சள்தான் சரி. ஆனால் மஞ்சள் தன்மலடு. தன் மகரந்தம் குறியில் (தம்பத்தின் நுனியில், மகரந்தத்தை ஏற்கும் இடத்தில்) விழுந்தாலும் அங்கேயே தடைப்படும்.

மஞ்சளுக்குத் துணையாக ஓர் ஊதாவை நட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரிவராது. ஊதாப் பூ விடிய விரிந்து மத்தியானத்துக்குள் மூடும், மஞ்சள் மத்தியானமளவில்தான் விரியும். இரண்டும் சந்திப்பதே இல்லை. மஞ்சளுக்குத் துணை இன்னொரு மஞ்சள்தான், அதுவும் வேறு தாயினுடையது. விதையில் வளர்ப்பதானால் ஒரே பழத்து விதையை நம்பவேண்டாம். அவை உடன்பிறப்புகள், பலவற்றில் ஒரே எஸ் எதிருரு இருக்கும். மூதூரில் ஒரு பழம், கிண்ணியாவில் ஒன்று, தம்பலகாமத்தில் ஒன்று என்று நாலைந்து வளவிலிருந்து விதை எடுத்துக் கலந்து நடுவது நல்லது.

பூவை நெருங்கிப் பாருங்கள். விரிந்த கையோடு மூன்று தம்பங்களும் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். ஒரு மணித்தியாலமளவில் வளைந்து மகரந்தக்கூடுகளின் மட்டத்துக்கு இறங்கும். இறங்காமலே நிற்கும் பூவில் கை வைத்துப் பயனில்லை, அது காய்க்காது. பிற்பகல் 1 மணிக்குப் பிறகு, வேறு கொடியின் மகரந்தத்தை விரல் நுனியில் தொட்டு மூன்று குறியிலும் தடவுங்கள். அதன் பிறகு இரண்டு மணித்தியாலம் மழை படக்கூடாது. நனைந்தால் மகரந்தமணி வெடித்துவிடும். மகரந்தம் கொஞ்சமாகப் பட்டால் விதை குறையும். சாறு விதையைச் சுற்றித்தான் ஊறுவதால் பழம் உள்ளே கோறையாகிவிடும்.

இந்த வேலையை இலவசமாகச் செய்யும் பூச்சி மரம் துளைக்கும் பெரிய கருவண்டு. தேனீ சிறியது, மகரந்தத்தை அள்ளிக்கொண்டு குறியில் முட்டாமலே போய்விடும். பந்தலருகே காய்ந்த மரக்கட்டைகள் சிலவற்றை விட்டுவையுங்கள். பிற்பகலில் பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம்.

டிராகன்: வெள்ளைச் சதை, சிவப்புச் சதை

வெள்ளைச் சதையில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தை ஏற்கும். சிவப்புச் சதையில் பெரும்பாலானவை ஏற்காது. ஒரே ஒரு தூண் போட இடமிருந்தால் வெள்ளையை எடுங்கள். சிவப்புத்தான் வேண்டுமென்றால் அருகே ஒரு வெள்ளையும் நிற்கட்டும். சிவப்பின் மகரந்தத்தில் வெள்ளையும் பெருத்த பழம் தரும்.

தன் மகரந்தத்தை ஏற்பது வேறு, தானாகக் காய்ப்பது வேறு. டிராகன் பூவில் குறி மகரந்தக்கூடுகளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஏற்கும் இனமானாலும் எதுவோ ஒன்று மகரந்தத்தை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். இதன் தாய்நாட்டில் வௌவாலும் இராப்பூச்சியும் அதைச் செய்கின்றன. இங்கே விடியலில் வரும் தேனீயை நம்பலாம், அல்லது நீங்களே இரவு 8 மணிக்குப் பிறகு டோர்ச்சோடு போகலாம். ஒரு கிண்ணத்தைப் பூவுக்குக் கீழே பிடித்து மகரந்தக்கூடுகளைத் தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். ஒரு பூவின் தூள் பல பூவுக்குப் போதும். தூரிகையால் குறியின் விரல்கள் எல்லாவற்றிலும் படும்படி பூசுங்கள். பிடித்த பூவில் இதழ் வாடினாலும் அடி பச்சையாக இருக்கும். பிடிக்காதது ஒரு வாரத்துக்குள் மஞ்சளித்து விழும்.

பப்பாசி: இங்கே எஸ் கணக்கு இல்லை

பப்பாசியில் பிரச்சினை பால். ஆண், பெண், இருபால் என மூவகை மரம் உண்டு, தீர்மானிப்பது ஒரு சோடி நிறமூர்த்தம். ஆண், பெண் மட்டுமே வரும் பழைய நாட்டு வகையில் பாதிக்குப் பாதி. குழிக்கு மூன்று கன்று வைத்தால் மூன்றும் ஆணாகப் போக எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். இருபால் மரத்தைத் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டி எடுத்த விதையில் இருபால் 2, பெண் 1 என்ற விகிதத்தில் முளைக்கும், ஆண் வராது. அதனால் தனிமரம் வைக்க இருபால் வகையே மேல். மொட்டைப் பாருங்கள்: பெண் மொட்டின் அடி உருண்டு பருத்திருக்கும், இருபாலுடையது நீண்டிருக்கும், ஆணுடையது நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கும்.

இருபாலுக்கும் ஒரு குறை இருக்கிறது. கச்சான் காற்று காயவைக்கும் மாதங்களில், வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் அதன் பூக்கள் சூலகம் சுருங்கி ஆண்பூப் போலாகிவிடும். தண்டில் காய் இல்லாத இடைவெளி விழும். அடியில் வைக்கோல் மூடாக்குப் போட்டு நீரை நிறுத்தாமல் விடுங்கள். பெண் மரம் இந்த வெப்பத்தை இதைவிடத் தாங்கும்.

தேசிக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை, தனிமரமே காய்க்கும். அன்னமுன்னாப் பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் இருப்பதால், காலையில் ஆண் நிலைப் பூவின் தூளை எடுத்து அரைவிரிந்த பூவுக்குள் பூசவேண்டும். மாவில் தசேரி, லங்ரா போன்ற வட இந்திய வகைகள் தன்மலடு. நம் வளவுகளில் கறுத்தக்கொழும்பானுக்குப் பக்கத்திலேயே வேறொரு மா நிற்பதால் ஈக்கள் அந்த வேலையைப் பார்த்துவிடுகின்றன.

காய்க்காத கொடியைப் பிடுங்குமுன் ஒரு சோதனை. விரியவிருக்கும் 12 பூவைக் கடதாசிப் பையால் மூடுங்கள். கொடித்தோடைக்கு முற்பகலில், டிராகனுக்கு மாலையில். விரிந்ததும் ஆறுக்குத் தன் மகரந்தமும், ஆறுக்கு வேறு தாய்க் கொடியின் மகரந்தமும் பூசி, மறுபடி மூடி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு வாரத்தில் இரண்டாவது ஆறு மட்டும் பிடித்தால் துணைக்கொடி தேவை. இரண்டும் பிடித்தால் குறை பூச்சியில், கையால் பூசினாலே தீரும். இரண்டுமே உதிர்ந்தால்தான் நீர், வெப்பம், உரம் என்று தேடத் தொடங்கவேண்டும்.